கிணற்றை இறைக்கும் கதை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. எங்கள் வீட்டு மோட்டாரைப் பழுது பார்க்க வந்த மெக்கானிக், கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வெள்ளம் வடிஞ்ச ஊர்ல கிணறு இறைக்கக் கூப்பிட்டா மட்டும் எனக்குப் போகவே மனசு வராது சார். அடியில என்ன கிடக்குமோ, யாருக்குத் தெரியும்?" சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை.

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

வெள்ளம் வடிந்தபோது அந்த ஊர் ஒரு— (வேண்டாம். எல்லா வெள்ளக் கதையும் இப்படித்தான் ஆரம்பிக்கிறது.)

ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த அந்த மாலையில்— (ஆற்றில் ஆரம்பித்தால் கிணற்றை மறந்துவிடுவேன். மறந்துவிடத்தான் ஆசை.)

கிணற்றடியில் தையல்காரி நின்றிருந்தாள்.

இது இருக்கட்டும்.

2

தெருவில் பாதி வேலை முடிந்துவிட்டது. வீடுகளைக் கழுவியாயிற்று, மெத்தைகளை மதில்மேல் போட்டாயிற்று, சுவரில் ஏறிய ஈரம் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. குடிக்க லாரித் தண்ணீர்தான், அதுவும் வந்தால் உண்டு. பொதுக்கிணற்றைச் சுத்தம் செய்தால்தான் ஊர் பழையபடி ஊராகும்.

அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம். ஆறு பெருகுகிறது என்றால், அடித்துக்கொண்டு போகாமல் இருக்க, கனமான சாமான்களைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிடுவார்கள். கயிற்று நுனியைக் கிணற்றுத் தூணில் முடிந்துவிட்டு மேட்டுக்கு ஓடுவார்கள். முழங்கால் அளவு வெள்ளத்துக்கு அது நல்ல யோசனைதான். இந்தத் தடவை வந்த வெள்ளம் தூணையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது.

அன்று தையல்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஓடினாள். பாதி வழியில் புருஷனிடம் சொன்னாள்: "என் மிஷினை மட்டும் கிணத்துல இறக்கிட்டு வந்துடுங்க."

அவன் திரும்பிப் போனான். வரவில்லை.

(அந்த வாக்கியத்தை அவள் வாயிலிருந்து எடுத்துவிட்டு, "சீக்கிரம் வாங்க, மழை வலுக்குது" என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். கதை பொய்யாகிவிட்டது. மறுபடி அவள் வாயிலேயே வைத்துவிட்டேன். எனக்கும் நெஞ்சு இருக்கிறது, ஆனாலும் வைத்தேன்.)

இப்போது அவள் கணக்கு இதுதான். கிணற்றில் மிஷின் இல்லை என்றால் அவன் கிணறுவரைக்கும் வரவில்லை; வழியிலேயே எங்காவது ஒதுங்கியிருப்பான், ஏதாவது முகாமில் இருப்பான். மிஷின் இருந்தால், அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழுக்கலில், இதே கைப்பிடிச் சுவர் ஓரமாக அவன்—

3

மோட்டார் ஓடுகிறது. இறைக்க எங்கள் வீட்டு மெக்கானிக்கையே கதைக்குள் கூட்டி வந்துவிட்டேன்.

"ஒரேயடியா இறைக்கக் கூடாதுங்க," என்றார் மெக்கானிக். "மண்ணு ஊறிப்போய்க் கிடக்கு. உள்ள தண்ணி சட்டுனு குறைஞ்சா சுவர் சரிஞ்சிடும். கொஞ்சம் இறைக்கணும், கொஞ்சம் ஆறவிடணும்."

எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவர் மோட்டாரை நிறுத்தும்போதெல்லாம் நானும் பேனாவை வைத்துவிடுகிறேன்.

முதல் நிறுத்தத்தில் ஒரு அண்டா தெரிந்தது. அடுத்ததில் கடைக்காரர் வீட்டு மிக்ஸி கயிற்றோடு மேலே வந்தது.

"மிக்ஸியப் போய் எவனாவது கிணத்துல போடுவானா?" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"பதட்டத்துல எது கைக்கு வருதோ அதைத்தானப்பா போடுவோம்," என்றார் கடைக்காரர். "நல்லவேளை, டிவி கைக்கு அகப்படல."

எல்லோரும் சிரித்தார்கள். தையல்காரியும் சிரித்துவிட்டாள். சிரித்த வாயை உடனே முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

ஊரே நாறுவதால் கிணற்று நாற்றம் தனியாகத் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் அவள் மெக்கானிக் பக்கம் வந்தாள். "அண்ணே, இவ்வளவு போதாதா? தண்ணி தெளிஞ்ச மாதிரிதானே இருக்கு?"

தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சம்சாரம் அவர் முழங்கையைப் பிடித்தாள். மெக்கானிக்கின் கை சுவிட்சின் மேல் இருந்தது.

"நிறுத்திடட்டுமாம்மா? நீ சொன்னா நிறுத்திடறேன்."

அவள் தெருவைப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு காலிக் குடங்கள் வாசலில் இருந்தன.

"போடுங்கண்ணே," என்றாள்.

(இவளை இவ்வளவு தைரியசாலியாக்க நான் நினைக்கவே இல்லை. "நிறுத்துங்க" என்று கத்துவாள், கதையை அங்கேயே முடித்துக்கொண்டு தூங்கப் போகலாம் என்று இருந்தேன்.)

4

கைவசம் இருந்த முடிவுகள்:

புருஷன் முகாமிலிருந்து யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு லாரியில் வந்து இறங்குகிறான். இதை ஆசை ஆசையாக இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்திலும் தையல்காரி அவனை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப் போட்டேன்.

மிஷின் கிணற்றில் இல்லை. அப்படியானால் அவள் ஆயுசுக்கும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதைக் கருணை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதை நான்

5

தண்ணீர் முழங்காலளவுக்கு வந்துவிட்டது. இனி மோட்டாருக்கு வேலையில்லை, ஆள் இறங்க வேண்டும். மெக்கானிக்கை இறக்கலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். ஆனால் காணாமல் போனவனின் தம்பி இருக்கும்போது வெளியாளை இறக்குவது முறையில்லை. தையல்காரியின் கொழுந்தன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான். கயிற்றை நான்கு பேர் பிடித்தார்கள். அவளும் பிடித்தாள்.

உள்ளே சளக் சளக்கென்று சேறு மிதிபடும் சத்தம். பிறகு அது நின்றது.

"அண்ணி."

"சொல்லு தம்பி."

"மிஷின் இருக்கு, அண்ணி."

அவள் கைப்பிடிச் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்தாள். உள்ளே இருட்டு. அவன் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அது நிமிரவில்லை.

"வேற?" என்றாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அவன் இன்னும் சேற்றைத் துழாவுகிறானா, பார்த்துவிட்டுச் சொல்ல முடியாமல் நிற்கிறானா, எனக்கே தெரியவில்லை. அவன் வாயைத் திறக்காதவரைக்கும் அவள் புருஷன் ஏதோ ஒரு முகாமில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம். அதனால் நான் இந்த இடத்திலேயே பேனாவை மூடிவிடுகிறேன். கோழைத்தனம்தான், சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் கிணற்றுக்குள் யாராவது ஒருவர் இருந்துதானே ஆக வேண்டும்? நான் ஏறி வந்துவிட்டேன். இப்போது அங்கே நிற்பது நீங்கள்.

மேலிருந்து அவள் மறுபடியும் கேட்கிறாள்.

"தம்பி, உன்னைத்தான் கேக்கறேன். வேற?"