பட்டியலில் இல்லாத எண்

...இல்லை, செத்துத்தான் போய்விட்டது, பிளஸ் டூ மார்க்கையெல்லாம் வைத்திருக்கிற பெரிய மெஷின் மூச்சுவிடவில்லை, ஆனாலும் ரிசல்ட் கேட்பவர்களுக்குப் பக்கங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, அடேயப்பா, நான் எழுதிய கேஷ் புரோகிராம் அல்லவா பதில் சொல்கிறது, ஒருமுறை கேட்ட எண்ணை ஞாபகம் வைத்துக்கொண்டு, மறுபடி யார் கேட்டாலும் தானே எடுத்துக் கொடுக்கிறது... இதே பர்க்கிட் ரோடு ஆபீஸில், டிபன் டப்பாவைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு நான் தட்டிய சில வரிகள், இப்போது தூத்துக்குடியில் யாருக்கோ பதில் சொல்கின்றன, உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, முதலாளி சாய்நாத் வேறு பின்னால் நின்றுகொண்டு, "பிரமாதம் ஃப்ளோரன்ஸ், ஒரு கம்ப்ளெயிண்ட்கூட வரலையே" என்கிறார், இந்த மனுஷர் வாயில் பாராட்டா, இன்றைக்கு மழைதான்.

போன். டீனா, என் தங்கை, ரிசல்ட் பார்க்க அடையாறு ப்ரௌசிங் சென்டருக்குப் போனவள். "அக்கா... என் நம்பர் லிஸ்ட்லயே இல்லக்கா." இல்லையா, டீனாவா ஃபெயில்? பேப்பரில் பாஸானவர்கள் எண்ணைத்தானே போடுவார்கள், எண் இல்லையென்றால் ஃபெயில், அது எல்லா வீட்டுக்கும் தெரியும்... இரு, மெஷின்தான் செத்துக் கிடக்கிறதே, இல்லை என்று யார் சொன்னது? ஐயோ, நான். தப்பான எண் கேட்டாலும் சரி, மெஷின் வாயே திறக்காவிட்டாலும் சரி, சோம்பேறித்தனமாக எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியம் வைத்தேன், 'இந்த எண் பட்டியலில் இல்லை', அதையும் கேஷ் பத்திரமாகச் சேமித்து, எத்தனை முறை கேட்டாலும் அதையே ஒப்பிக்கிறது, பிறகு கம்ப்ளெயிண்ட் எப்படி வரும், ஃபெயிலான பிள்ளை எங்கேயாவது கம்ப்ளெயிண்ட் பண்ணுமா... "டீனா, அது ரிசல்ட்டே இல்லடி, மெஷின் ரிப்பேர், மாதா மேல சத்தியம், அங்கேயே உக்காரு, எங்கேயும் போகாத." "நிஜமாவாக்கா?" என்று கேட்டுவிட்டு அழுகிறாள், அழட்டும், அழுதால் பரவாயில்லை.

வாக்கியத்தை மாற்றிவிட்டேன், 'இயந்திரக் கோளாறு, சற்றுப் பொறுத்துப் பாருங்கள்', சேமித்து வைத்த பொய்களையும் அழித்துவிட்டேன், இனிமேல் கேட்பவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லும், என்ன சமத்து, சொன்னதைத்தான் சொல்லும், எனக்கே இதைப் பார்க்க இப்போது பயமாக இருக்கிறது... அதற்கு முன்னால் கேட்டவர்கள்? அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு கட்டளையும் இல்லையே... திரையில் வந்துபோன எண்களை மேலே தள்ளிப் பார்க்கிறேன், ஏதோ ஒரு எண்ணை ஒருத்தர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் 'பட்டியலில் இல்லை' என்றே பதில் போயிருக்கிறது, திரும்பவும், திரும்பவும், அப்புறம் கேட்கவில்லை.