நாலாவது கடிகாரம்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது கதையே இல்லை, கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. “வயதான லாரி ஓட்டுநர்கள் ஏன் ஓய்வைத் தள்ளிப்போடுகிறார்கள்?” என்று ஒரு பத்திரிகை கேட்டது. இரண்டு பக்கம், புள்ளிவிவரத்தோடு. நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு ஒரு லாரியில் ஏறி உட்கார்ந்தேன். அங்கே பிடித்தது சனி.

ஓட்டுநருக்கு ஷெட்டில் ‘அறுபது’ என்று பட்டப்பெயர். தலை போகிற அவசரமானாலும் அறுபதைத் தாண்டி ஓட்ட மாட்டாராம். வயது மட்டும் தாண்டிவிட்டது, அறுபத்தாறு.

2

முதல் தொடக்கம்: “சாலை அவரை அழைத்துக்கொண்டே இருந்த—” சே! சாலை எங்கே அழைக்கிறது? சரக்கு ஏற்றிவிட்ட கம்பெனிதான் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அழைக்கிறது.

இரண்டாவது: “ஸ்டியரிங்தான் அவருக்கு உயிர்.” இதை அவரிடமே படித்துக் காட்டினேன்.

“யாரு சொன்னா? இடுப்பு விட்டுப்போச்சு தம்பி.”

பிறகு ஏன்? “ஆள் கிடைக்கல” என்றார் ஒருநாள். “புது வண்டி, ஓட்டிப் பாத்துட்டு நின்னுடுறேன்” என்றார் இன்னொரு நாள். ஏற்கெனவே மூன்று தடவை ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு தடவையும் ஷெட்டில் கைதட்டி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். கடிகாரங்கள் வீட்டில் தங்கின. மனிதர் தங்கவில்லை.

3

வீட்டுக்கே போனேன். மனைவி தையல்காரர், முன்னறையில் மிஷின். (வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பவராக அவரை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துப்போட்டேன். ஏனென்று பாருங்கள்.)

“நான்தான் மொதலாளிக்கிட்ட சொல்லி மறுபடி சேத்துவிட்டேன். மூணு தடவையும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. கூப்பிட்டதும் ஓடினாரே, அவருக்கும் அதுதானே வேண்டியிருந்துச்சு!”

விஷயம் இதுதான். கல்யாணமாகி நாற்பது வருஷம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவர் போன் செய்வார், முதலில் பூத்திலிருந்து, பிறகு கைப்பேசியில். “எங்க இருக்கீங்க?” என்பார் இவர். அவர் ஊர்ப்பெயர் சொல்வார். அதில் பிடித்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். சிரிப்பு, சண்டை, மகளின் கல்யாணம் முடிவானது, எல்லாம் போனில்தான்.

“எதிர்ல உக்காந்தா ரெண்டு பேருக்கும் வாயே வரமாட்டேங்குது. போன தடவை பதினோரு நாள் இருந்தாரு. இருபது வார்த்தை பேசியிருந்தா அதிகம், அதுலயும் பாதி ‘ம்’.” துணியைத் திருப்பிப் போட்டார். “போன்ல வர்ற மனுசன எனக்கு ரொம்பப் பிடிக்கும் தம்பி. இவரு வீட்டுக்கு வந்தா அந்த ஆளு எங்கயோ போயிடுறாரு. பயமா இருக்கு.”

(அடிக்குறிப்பு: இதற்குப் புள்ளிவிவரம் கிடைக்கவில்லை.)

5

நாலு எங்கே என்று தேடாதீர்கள். நெடுஞ்சாலைத் தத்துவம், முழுசாக அடித்து நீக்கிவிட்டேன்.

இந்த முறை மனிதர் கண் பரிசோதனையில் தோற்றுவிட்டார். லைசென்ஸ் போயிற்று, இனி அந்த அம்மா முதலாளியின் காலைப் பிடித்தாலும் வேலை கிடையாது. நேற்று நாலாவது கடிகாரம் வந்துவிட்டது.

முடிவு அ: இருவரும் மனம்விட்டுப் பேசி அழுகிறார்கள். (எழுதும்போதே கூச்சமாக இருந்தது. எதிரெதிரே இருமக்கூடத் தெரியாதவர்கள்!)

முடிவு ஆ: அவர் ஒரு அறையில், இவர் ஒரு அறையில், கடைசிவரை— மாட்டேன். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போய்விட்டது.

சரி, இன்று நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ‘அறுபது’ புதுக் கடிகாரத்தை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். ஐந்து மணியானதும் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

உள்ளே போன் அடித்தது. அந்த அம்மா ஜன்னலைப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் அவருடைய சட்டை தெரிந்தது. மிஷினை நிறுத்திவிட்டு எடுத்தார்.

“எங்க இருக்கீங்க?”

நாற்பது வருஷமாக ஊர்ப்பெயர் சொன்ன மனிதர் கொஞ்சம் திணறினார், ஜன்னல் வழியாகவே கேட்டது.

“வாசல்ல.”

அடுத்த வார்த்தை அந்த அம்மாவுடையது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். கேட்டைத் தாண்டும்போது அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

நீங்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அந்த அம்மாவைச் சீக்கிரம் ஏதாவது சொல்லச் சொல்லுங்கள். மனிதர் நிற்கிறார்.