பதினேழாம் வரிசையில் சுற்றிய வட்டம்

ஃபெட்டுவாவ் ஸ்கேனரைப் பெட்டியின் பார்கோடுக்கு நேரே பிடித்தாள். திரையில் வட்டம் சுற்றியது. அது நிற்கும்வரை அடுத்த பெட்டியைத் தொட முடியாது. அவள் சும்மா நிற்பதாக அலுவலகக் கணினி எழுதிக்கொள்ளும். அப்படி எழுதியே இரண்டு எச்சரிக்கைக் கடிதங்கள் வந்தாயிற்று. மூன்றாவது இன்று மூன்று மணிக்கு. அதோடு வேலையும் போகும்.

மாங்கரே புறநகரிலுள்ள இந்தக் கிடங்குக்கு வேலைக்கு வந்து பதினோரு வருடம். தன் கைவேகம் குறையவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

வைஃபை பார்க்க வெளியிலிருந்து வந்திருந்த ரானியேரா ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தான். "காலையில கல்லு மாதிரி நின்ன சிக்னல், இப்ப எங்க போச்சுக்கா?"

"தினமும் இதே கூத்துதான். பதினோரு மணிக்குப் பேய் பிடிக்கும், ஒரு மணிக்கு விட்டுடும்."

"அந்த நேரத்துல இங்க என்ன நடக்குது?"

"சாப்பாடு நடக்குது. அணி அணியா விடுவாங்க. நான் கடைசி அணி. மத்தவங்க தின்னு முடிக்கிற வரைக்கும் இந்த வரிசைதான் எனக்கு."

அவன் வரிசைக்குப் பின்னாலிருந்த பலகைச் சுவரைத் தட்டினான். அந்தப் பக்கம் சாப்பாட்டு அறை, சுவரோரம் நான்கு மைக்ரோவேவ் அடுப்புகள். அவற்றுக்கு நேர் மேலே, கேபிளை மிச்சம் பிடிப்பதற்காக மாட்டிய வைஃபை பெட்டி.

ஸ்கேனரோடு அவளையும் அங்கே கூட்டிப்போய், சாப்பிடுகிறவர்களைக் கெஞ்சி எல்லா அடுப்பையும் நிறுத்தினான். ஸ்கேனர் உடனே 'பீப்' என்றது. இரண்டாவது அடுப்பில் ஃபெட்டுவாவின் டப்பாவை வைத்தான்; சேப்பங்கிழங்கும் டின் மாட்டிறைச்சியும். அடுப்புகள் ஓடின, வட்டம் சுற்றியது. நிறுத்தினான், 'பீப்'.

"அடப்பாவி, உன்னாலயா எனக்கு ரெண்டு கடிதம்!" அவள் அடுப்பின் தலையில் ஓர் அறை வைத்துச் சிரித்தாள். இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. டப்பாவை மறந்து வரிசைக்கு ஓடினாள்.

வைஃபை பெட்டியை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும் என்று ரானியேரா எழுதிக் கொடுத்தான். மேலாளர் டாரில் நின்றபடியே படித்தார்.

"புதுசா கேபிள் இழுக்கணுமா? அடுப்பைத் தூக்கிட்டா?"

"ஆளுங்க சாப்பிடணுமே."

"நான் சாண்ட்விச்தான் தின்னுறேன். செத்தா போயிட்டேன்?"

மூன்று மணிக்கு அந்த அறிக்கை டாரிலின் மேசைமேல் இருந்தது. பக்கத்திலேயே மூன்றாவது கடிதமும் இருந்தது.

"தப்பு என்மேல இல்லன்னு அதுல எழுதியிருக்கே, டாரில்."

"இன்னிக்கி நடந்தது எழுதியிருக்கு. போன மாசம் நின்னது நீதானே?"

"அந்த நேரத்துல அங்க யாரை நிறுத்தினாலும்..." என்று ரானியேரா தொடங்கினான்.

"உன் வேலை வைஃபை. அதை மட்டும் பாரு."

ஃபெட்டுவாவ் ஸ்கேனரை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கடிதத்தை வாங்காமலே வெளியேறினாள்.

பின்வாசலில் குப்பைத் தொட்டியோரம் நான்கு அடுப்புகளும் மழையில் நனைந்துகொண்டிருந்தன. இரண்டாவதன் கதவைத் திறந்தாள். அவளுடைய டப்பா உள்ளேயே இருந்தது. எடுத்தாள், ஆறிப்போயிருந்தது.

அவள் மேசைமேல் வைத்துவிட்டு வந்த ஸ்கேனரை அதற்குள் யாரோ உள்ளே பதினேழாம் வரிசைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். பீப், பீப், பீப் என்று அது ஒரு தடவைகூட நிற்காமல் ஒலித்துக்கொண்டிருந்தது.