உள்ளே இருக்கிறான்

பேருந்து நிலையத்துக்குப் போய் அவரை அழைத்து வரும்படி என்னிடம் சொன்னார்கள். நான் நிதானமாகப் பேசுகிறவன் என்பது அவர்கள் சொன்ன காரணம். மற்றவர்களுக்கு வாய் வரவில்லை என்பதுதான் உண்மை. குழாய் பதிக்கும் கம்பெனியில் நான் ஸ்டோர் பார்க்கிறேன். எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் வரிசையாகச் சொல்வேன். அதனால் எனக்கு 'வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைக்கு நான் சொல்லவேண்டியிருந்தது ஒரே ஒரு வரி: உங்கள் தம்பி இறந்துபோய்விட்டான்.

அந்தத் தம்பியை நாங்கள் 'சீட்டி' என்று கூப்பிடுவோம். சீட்டியடிக்காமல் அவனுக்கு மண்வெட்டி பிடிக்க வராது. முந்தின நாள் காலை, சாக்கடைக் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தில் அவன் இறங்கியிருந்தபோது பக்கவாட்டு மண் மொத்தமாகச் சரிந்தது. மண் சரியாமல் தாங்க முட்டுப்பலகை கொடுக்காத பள்ளம். அவனை எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

மண்ணை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் லாரி டிரைவர் சீட்டியின் அண்ணனுக்குப் போன் போட்டிருக்கிறார். அண்ணனும் நாங்கள் பிழைக்க வந்திருக்கும் இதே வெளிநாட்டில், வேறொரு நகரத்தில், பெரிய சலவைக்கூடம் ஒன்றில் இஸ்திரி போடுகிறவர். டிரைவர் அழுதுகொண்டே சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, சீட்டி உள்ள இருக்கான். எப்ப வெளிய எடுப்பாங்கன்னு தெரியல. உடனே வாங்க." அதோடு போனில் சார்ஜ் போய்விட்டது. சார்ஜ் ஏற்றிய பிறகு அண்ணன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டபோது எடுத்துப் பேச யாருக்கும் நெஞ்சு துணியவில்லை. எந்தப் பேருந்தில் வருகிறார் என்று அவர் மெசேஜ் அனுப்பியதற்கு, 'வாத்தியார் வந்து நிற்பார்' என்று மட்டும் பதில் போட்டார்கள்.

பேருந்திலிருந்து இறங்கியவர் சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தார். ஒல்லியான உடம்பு, இரவெல்லாம் பயணம் செய்தும் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

"வாத்தியார் நீங்கதானா? போன்ல உங்களைப் பத்திச் சொல்லுவான். என்ன சார், என் தம்பி மாமியார் வீட்டுக்குப் போயிட்டானாமே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"யாரை அடிச்சான்? இல்ல, விசாவுல ஏதாவது கோளாறா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. எங்க முதலாளிக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்கார். வெளிய எடுத்துடலாம்."

அப்போதுதான் உறைத்தது. நம் பேச்சில் ஒருவன் 'உள்ளே' இருக்கிறான், அவனை 'வெளியே எடுக்க' வேண்டும் என்றால், அது ஜெயில்தான். வேறு எந்த அர்த்தமும் அவர் காதில் விழ நியாயமில்லை. டிரைவர் ஒரு எழுத்துகூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த மனிதர் ராத்திரி முழுக்க ஜெயிலை நினைத்துக்கொண்டு, அதற்கே மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் தயார் செய்துவைத்திருந்த வரியைச் சொல்லாமல் விட்டேன். "மதியம்தான் பார்க்க விடுவாங்க" என்றேன். அதுவும் பொய்யில்லை. சொந்தக்காரர் ஒருவர் மதியம் வந்து அடையாளம் சொல்லவேண்டும், உடுத்திவிட ஒரு ஜோடி துணியும் கொண்டுவரவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

"அப்ப நிறைய நேரம் இருக்கு. அவன் இருக்கிற இடம், வேலை செய்யுற இடம் எல்லாம் காட்டுங்க. 'வாண்ணே, சுத்திக் காட்டுறேன்'னு எத்தனை தடவை கூப்பிட்டான்! வரலை. இப்ப ஆளு உள்ள போனதும் வந்து நிக்கிறேன் பாருங்க."

அறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டடுக்குக் கட்டில்களும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கிற இடமும்தான் அறை. சீட்டிக்கு ஜன்னலோரம் கீழ்க்கட்டில். கட்டில் கம்பியில் அவன் துவைத்துப்போட்ட பனியன் காய்ந்து விறைத்திருந்தது. மேல்கட்டிலில் படுத்திருந்த டிரைவர் எங்களைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இவருக்கு என்ன, காய்ச்சலா?"

"ஆமா, உடம்பு சரியில்ல."

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தலையணையைத் தட்டிப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு. வீட்டுல பஞ்சுத் தலையணை இல்லாம தூங்கமாட்டான், பெரிய ராஜா." பனியனை எடுத்து முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தார். "சோப்பு போட்டவன் அலசலை. நான் தொழில் பண்றேன், இவன் என் மானத்தை வாங்குறான்."

துணி ஏதாவது எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

"ஆமாமா, உள்ள மாத்துத் துணி வேணும்ல" என்று கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தார். கைலி, துண்டு, பழைய டி-ஷர்ட் ஒன்று. ஒவ்வொன்றையும் மடிமேல் போட்டு, ஓரத்துக்கு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி மடித்துப் பையில் வைத்தார். "சோப்பு உள்ளேயே குடுப்பாங்களா, நாம வாங்கிட்டுப் போகணுமா?"

மேல்கட்டிலில் டிரைவர் போர்வையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வது எனக்குத் தெரிந்தது.

பெட்டியின் அடியில் ஒரு வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் உறையோடு இருந்தது. "அடப்பாவி! இது நான் மடிச்சு அனுப்பினது. இன்னும் பிரிக்கவே இல்ல."

"அதை எடுத்துக்குங்கண்ணே" என்றேன். "நல்ல சட்டையா இருக்கட்டும்."

"உள்ள யாருக்குக் காட்டுறதுக்கு நல்ல சட்டை? வெளிய வந்து போட்டுக்கட்டும்." அதை அடியிலேயே திரும்ப வைத்துப் பெட்டியை மூடினார். நான் இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வேலையிடம். அங்கே கூட்டிப்போகாமல் தவிர்க்க முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியே அந்தத் தெருதான். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். தம்பி சின்ன வயதில் ஒரு தடவை வீட்டில் கோபித்துக்கொண்டு நெல் குதிருக்குள் ஒளிந்துகொண்டதைச் சொன்னார். "வீடே தேடுது, இவன் உள்ள உக்காந்து சீட்டியடிக்கிறான். அதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்."

தெருவில் பாதி அகலத்துக்குத் தடுப்பு வைத்திருந்தது. வேலையை நிறுத்தியிருந்தார்கள். குழாய்கள்மேல் உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் அவரைக் கண்டதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னப்பா, மந்திரி வந்த மாதிரி எந்திரிக்கிறீங்க? நான் சீட்டியோட அண்ணன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவருடைய சிரிப்பு மட்டும் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு பள்ளத்தைப் பார்த்தார். கரையில் குவிந்து கிடந்த மண்ணில் இயந்திரத்தின் பல் பட்ட தடம் இல்லை. எல்லாம் கையால் வாரிய தடம், விரல் விரலாக.

என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"வாத்தியாரே, உள்ளன்னா... இந்த உள்ளயா?"

"ஆமாண்ணே."

"வெளிய எடுத்துட்டாங்களா?"

"நேத்து சாயங்காலமே எடுத்துட்டாங்க."

"எடுக்கும்போது..."

"இல்லண்ணே."

அவர் அழவில்லை. தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பள்ளத்தின் அடி வரைக்கும் பார்த்தார். ஏதோ கேட்கிறதா என்று காது கொடுப்பவர் போலத் தலையைச் சாய்த்தார். எங்கள் ஆள் ஒருவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். வாங்கிக்கொண்டவர், குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு தோளிலிருந்த பையைத் தரையில் இறக்கி, பிரித்து, பழைய டி-ஷர்ட்டை வெளியே எடுத்தார். கழுத்துப் பக்கம் நூல் விட்டிருந்தது. அதை இழுத்து இழுத்துச் சரிசெய்யப் பார்த்தார்.

"நல்ல சட்டை எடுங்கன்னு சொன்னீங்க."

நான் குனிந்து பையை மூடினேன்.

"அந்த வெள்ளைச் சட்டை ரொம்ப நாளா பெட்டிக்குள்ளயே கிடந்திருக்கு. மடிப்பு நேரா இருக்காது" என்றார். "திரும்ப ரூமுக்குப் போகலாம். அங்க இஸ்திரிப் பெட்டி இருக்கா?"