கீழ்ச்சூரல் குடியின் கட்டைவிரல்

மலைமேல் இருக்கும் கீழ்ச்சூரல் பழங்குடி ஊரில் அறுபத்துமூன்று பேருடைய கட்டைவிரல் ரேகைகள் ஒரு புதன்கிழமை காலையில் அழிந்துபோயின. சாயங்காலத்துக்குள் அத்தனையும் குடியின் தலைவரான மூப்பன் சின்னையனின் இடது கட்டைவிரலில் வந்து சேர்ந்தன. விரல் பலாப்பிஞ்சு அளவுக்குப் பெருத்தது. வலி இல்லை, கனம்தான். அவர் அதைத் துண்டில் தூளி கட்டித் தோளில் மாட்டிக்கொண்டார். டாக்டர் ஜிஜி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "கைக்குழந்தையின் ரேகையும் இருக்கிறது" என்று சீட்டில் எழுதி, தடவக் களிம்பு கொடுத்தார். கீழே தேவிகுளம் டவுனில் அந்த வாரம் மழையைப் பற்றிப் பேசினோம், தக்காளி விலையைப் பற்றிப் பேசினோம். விரலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அது ஏன் வந்தது என்று கடைத்தெருவுக்கே தெரியும்.

முந்தின நாள் தாலுகா ஆபீசுக்கு எதிரே, பத்திரம் எழுதும் மாரீஸ்வரியின் பெஞ்சில் ஒரு குத்தகைப் பத்திரம் முடிந்திருந்தது. குடிக்கு மேலேயுள்ள புல்மேட்டை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு முப்பது வருஷத்துக்கு விடும் பத்திரம். சட்டப்படி குடியின் அதிகாரம் ஊர்க்கூட்டத்துக்குத்தான். எல்லோரும் உட்கார்ந்து தீர்மானம் போட வேண்டும். கீழ்ச்சூரலிலோ கூட்டம் உட்கார்ந்தால் லேசில் எழாது. கடைசி ஆளும் சரி என்று சொல்லும்வரை பேச்சு ஓடும். ஒரு மரப்பாலத்தை எங்கே போடுவது என்று பதினொரு நாள் உட்கார்ந்தவர்கள் அவர்கள். கம்பெனி ஏஜெண்ட் மணிகண்டனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஆகவே இரண்டாம் பிரிவில் மாரீஸ்வரி ஒரு வரி எழுதினாள்: 'இப்பத்திரத்தில் பழங்குடி அதிகாரம் என்பது குடியின் மூப்பனைக் குறிக்கும், அவர் கைநாட்டே குடியின் சம்மதம்.' சின்னையனுக்கு வாசித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் தாண்டிப் போனாள்.

அவர் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார். கீழ்ச்சூரலில் எந்தச் சேதி வந்தாலும் முதலில் மூப்பன் 'காதில் விழுந்தது' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் கூட்டம் கூடும். அவர் வைத்தது அந்த ஒப்புதல். பத்திரம் இனி மலையேறி வரும், எல்லோரும் உட்காரலாம் என்று நினைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். மாரீஸ்வரிக்கு இந்த வழக்கம் தெரியாதா? சின்ன வயதில் ஏலக்காய் பறிக்கப் போய், மூன்று சீசன் அந்தக் குடியிலேயே பெரியம்மாள் வீட்டில் தங்கி, அவள் கையால் ராகிக்கூழ் குடித்தவள். அவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்! ஆனால் அவள் அம்மா செல்வலட்சுமிக்கு அந்த மாதம் எஸ்டேட்டில் ரிட்டையர்மெண்ட். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். நாற்பது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்குக் கால் வைக்கச் சொந்த மண் கிடையாது. மணிகண்டன் மூன்று சென்ட் தருவதாகச் சொல்லியிருந்தான். சாட்சிக் கையெழுத்துகள் இரண்டு. ஒன்று டீக்கடை பாண்டித்துரை. மற்றது இதை எழுதுகிற நான். ஒரு டீயும் பருப்பு வடையும் வாங்கிக் கொடுத்தார்கள். வடை சூடாக இருந்தது.

ரேகைகள் அழிந்தபின் ரேஷன் கடையில் பெரியம்மாள்தான் முதலில் விரல் வைத்தாள். எலப்புள்ளியிலிருந்து வந்து கடை நடத்தும் பூபதிராஜா மெஷினைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது ஆளே இல்லீங்குதுங்க."

"இந்தா நிக்கேன்ல! என்னையப் பாத்துப் பேசு, டப்பாவப் பாக்காத."

டப்பா அசையவில்லை. சின்னையன் தூளியை இறக்கி விரலை அதன்மேல் சாய்த்ததும் அறுபத்துநாலு பேரும் வரிசையாக வந்தார்கள். அதற்குப் பிறகு பென்ஷன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் மூப்பன்தான் இறங்கி வர வேண்டியிருந்தது. குடியில் குழந்தை பிறந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் ரேகையும் அவரிடம் போய்விடும். இரண்டு வருஷம் அப்படியே போனது. புல்மேட்டில் வேலிக்கால்கள் நட்டார்கள். சின்னையன் இருமினால் குடியே நடுங்கியது. அவர் கண்ணை மூடிவிட்டால் அரசாங்கத்துக்குக் கீழ்ச்சூரலில் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள்.

மாரீஸ்வரி சும்மா இருக்கவில்லை. மூன்று தடவை பிழைதிருத்தப் பத்திரம் எழுதினாள், கைத்தவறுதலாக எழுதியது என்று. பெஞ்சிலிருந்து கவுண்டருக்குப் போவதற்குள் மூன்று தடவையும் தாள் வெறுமையாகிவிட்டது. மணிகண்டன் கொடுத்த மண்ணில் எழுப்பிய வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டாம் வருஷத்துக் குளிரில் சின்னையன் படுத்துவிட்டார். பெரியம்மாள் இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மூப்பனுக்கு மூச்சு வாங்குது. அவரு போனா அவரோட நாங்களும் போயிருவோம், தெரியும்ல?" என்றாள். "கூழு குடிச்ச வாயி புள்ள இது. ஒரு வரிய முழுங்கிருச்சே."

மாரீஸ்வரிக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. புதுத்தாள் எடுத்து எழுதினாள்: 'இது பிழையல்ல. குடியின் அதிகாரம் கூட்டத்துக்கே என்று தெரிந்தும், மூன்று சென்ட் மண்ணுக்காக, மூப்பன் ஒருவர் என்று எழுதினேன். அந்த வரியை அவருக்கு வாசிக்கவில்லை.' அடியில் கையெழுத்துப் போட்டுக் கட்டைவிரலும் வைத்தாள். இந்தத் தாள் வெறுமையாகவில்லை. ஆபீசில் முத்திரை விழுந்ததும் ரேகைகள் புறப்பட்டன. அவை வீடு வீடாகப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆபீசிலிருந்து மலையேற ஜீப்புக்கும் அவ்வளவு நேரம்தான் ஆகும். சின்னையன் எழுந்து உட்கார்ந்து, பாலில்லாத கட்டன்சாயா கேட்டார். குத்தகை விஷயமாகக் கூட்டம் பத்தொன்பது நாள் உட்கார்ந்து, வேண்டாம் என்றது. பிடுங்கிய வேலிக்கால்களில் ஆட்டுப்பட்டி கட்டியிருக்கிறார்கள்.

மாரீஸ்வரியின் லைசென்ஸ் போனது, வீடு போனது, அவளுடைய ரேகையும் போனது. இப்போது அம்மாவோடு பாண்டித்துரையின் டீக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். அம்மாவின் ரேகையைக் கொழுந்து எப்போதோ தேய்த்துவிட்டது. அவர்களுக்கு அரிசி இல்லை என்ற சேதி மலையேறியது. காதில் விழுந்தது என்றார் சின்னையன். கூட்டம் நாலு நாள் உட்கார்ந்தது. மாதம் ஓர் ஆள் இறங்கிப்போய் அவளுக்காக விரல் வைப்பது என்று முடிவு செய்தார்கள். கடைசியாகச் சரி என்றவள் பெரியம்மாள்தானாம். என்னையும் பாண்டித்துரையையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எங்கள் ரேகைகள் பத்திரமாக இருக்கின்றன. கை கழுவும்போது நான் அந்த விரலைப் பார்ப்பதில்லை.

இந்த மாதம் பெரியம்மாளின் முறை. அவள் விரல் வைத்தாள், மெஷினில் மாரீஸ்வரியின் பெயர் வந்தது. பூபதிராஜா தலை நிமிராமல் அரிசி அளந்தார். பக்கத்தில் மாரீஸ்வரி குனிந்தபடியே பையைப் பிடித்திருந்தாள்.

"நிமிந்து பாரு புள்ள," என்றாள் பெரியம்மாள்.

மாரீஸ்வரி பையின் வாயை இன்னும் அகலமாக விரித்துப் பிடித்தாள்.