அழாமல் நடந்தவள்

என் படத்தில் கை வைக்க யாரையும் விடமாட்டேன் என்று அன்றைக்கு மாத்தளை மண்டபமே அதிரச் சொன்னேன். சித்திர டீச்சர் ஜோசப்பினுக்கு இவ்வளவு வாயா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அறுபத்திரண்டாம் ஆண்டு அது. ஊர்க் கண்காட்சிக்கு 'பழைய காலம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மற்றவர்கள் ராஜாவையும் யானையையும் வரைந்தார்கள். நான் வடக்கே இருந்து எங்கள் மாத்தளைக்கு வரும் நாலந்தா ரோட்டை வரைந்தேன். வெள்ளைக்காரனின் கோப்பித் தோட்டக் காலத்தில் இந்தியாவிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காடு மேடெல்லாம் நடந்து வந்த நம் சனம்தான் படத்தில். மரத்தடியில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். ஆள் பிடித்துக் கூட்டி வந்த கங்காணி கம்பை நீட்டி எல்லோரையும் விரட்டுகிறான். செத்தவனின் மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறாள், நேரே முன்னால் பார்த்தபடி. கண்ணில் ஒரு சொட்டு நீரில்லை. அந்த முகம் சரியாக வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கண்காட்சித் தலைவர் மாணிக்கவாசகத்துக்கு அந்த முகம்தான் பிடிக்கவில்லை.

"என்ன டீச்சர் இது? புருஷன் செத்துக் கெடக்கான், இவ பாட்டுக்குப் போறா. ரெண்டு சொட்டுக் கண்ணீர் வச்சிடுங்க. இல்லாட்டி படத்த எறக்கிடுவோம்."

"நின்னாத்தானேங்க அழ முடியும்? கங்காணி நிக்க விடலியே!"

"எனக்கு வெளங்குது. பாக்குற சனத்துக்கு வெளங்கணுமே?"

"அப்ப சனமே சொல்லட்டும். ஒருத்தர் கொற சொன்னாலும் நானே கண்ணீர் வைக்கிறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அவளை அழ வைத்தால் அப்புறம் அது என் படமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, டவுனில் சாமான் வாங்க வந்த தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்த அழகம்மா, என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய், படத்தின் எதிரே நின்றவள் நகரவே இல்லை. இதோ குறை வரப்போகிறது என்பதுபோல் மாணிக்கவாசகம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"பொதைக்கலீங்களா டீச்சர், இவர?" என்று கேட்டாள் அழகம்மா.

"நேரம் குடுக்கல."

"வாய்க்கரிசி?"

"அதுவும் இல்ல."

அழகம்மா சாக்குப்பையை அவிழ்த்தாள். ஒரு பிடி அரிசியை அள்ளி, படத்துக்குக் கீழே செத்தவனின் தலைமாட்டுக்கு நேராகப் போட்டாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "வழியில விட்டுட்டாங்களே, என் மகராசா!" என்று மாரில் அடித்து ஒப்பாரியைத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். மண்டபமே இழவு வீடாகிவிட்டது.

மாணிக்கவாசகம் பதறி ஓடி வந்தார். "அடியே, என்ன கூத்து இது? இது வெறும் படம்!"

"படம்னு தெரியுதுங்க ஐயா," என்றாள் அழகம்மா, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் புள்ளைக்கு அழ நேரமில்ல, பாருங்க. அவளுக்காகத்தான் நாங்க அழுறோம்."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நான் வரைந்தவளுக்குச் சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள்! இனி எவன் அவளை மாற்றச் சொல்வான் என்று மாணிக்கவாசகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அழகம்மாவிடம் குனிந்து கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு பிடி குடு தாயி. எங்க பாட்டனோட அண்ணன் அந்த ரோட்டுலதான் செத்துப் போனாராம்."