கொசுவுக்குச் சாத்திய கதவு

புத்தூரின் அந்தத் தெருவில் சாயங்காலம் ஐந்தரை ஆனதைக் கடிகாரம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அற்புதம்மாள் வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தப்படும். வலை அடித்த ஒரு ஜன்னல் மட்டும் தப்பிக்கும். கடைசியில் வாசல் கதவு. மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள், நடுவில் ஒரு பூட்டு. கொசுவைப் பூட்டுப் போட்டுத் தடுக்கிற வீடு திருச்சியிலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும் என்று மருமகள் லின்சி வந்த புதிதில் தனக்குள் சிரித்துக்கொண்டாள். பிறகு சிரிப்பு வற்றிவிட்டது. கணவன் ஜூட் தோஹாவில். மாமனார் காலமாகிப் பல வருஷம். ஜூட்டின் தங்கை ஷெர்லின் பெங்களூரில் இருப்பதாகச் சொல்வார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. ஆக வீட்டில் இரண்டு பெண்கள், ஒரு பூட்டு. சாவி மாமியாரின் இடுப்பில்.

லின்சிக்கு அந்தத் தெருவில் பேச இருந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு ரஞ்சனி. ஆறு மணிக்கு ஆபீஸ் விட்டு வருவாள். தலையிலிருந்து சிவப்பு ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே காம்பவுண்டுச் சுவரோரம் நின்று, "லின்சி" என்று ஒரு குரல் கொடுப்பாள். இவள் வலை ஜன்னலுக்குப் பின்னால் வந்து நிற்பாள். வலை வழியாக எவ்வளவுதான் பேச முடியும்? துணிக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு புடவையைத் தொட்டுப் பார்க்கிற கதைதான். அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. சாயங்காலத்தில் ஒரு மணி நேரம், தோட்டத்தில், சுவரில் கையூன்றி நிற்க வேண்டும்.

வையம்பட்டியில் அவள் அப்பா தைரியராஜுக்குப் பலசரக்குக் கடை. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் லின்சி. ஏழு மணி வேண்டுமென்றால் ஒன்பதில் ஆரம்பிக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோட்டத்துக் கொசுவைத் தான் ஒழித்துக் காட்டினால் ராத்திரி ஒன்பது வரை கதவு திறந்திருக்க வேண்டும் என்று மாமியாரிடம் பேச்சை எடுத்தாள். எட்டு என்று இறங்கினாள். ஏழில் வந்து நின்றாள். அற்புதம்மாள் கீரையை ஆய்ந்துகொண்டே, "ஒழி, பாப்போம்" என்றாள். பேரம் படிந்துவிட்டது என்று லின்சி நினைத்தாள்.

காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் பக்கத்தில் ஒரு நர்சரி. கடைக்காரர் பீமராவ் கை வைத்த செடியெல்லாம் கொசுவை விரட்டியது.

"இந்த ரோஜாவுமா அண்ணே?"

"முள்ளு இருக்குல்லம்மா."

சொல்லும்போதே அவர் முழங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தது. பேச்சை நிறுத்தாமல் ஓங்கி ஓர் அடி வைத்தார். "இது வெளியூர்க் கொசுங்க" என்றார். அப்பாவின் வாய் அப்படியே இந்த மனுஷனுக்கு இருந்ததால் அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. துளசி வேண்டாமென்று விட்டாள், கிறிஸ்தவ வீட்டில் அதை வைக்க மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டாள். எலுமிச்சைப்புல், துலுக்கச் சாமந்தி, இடுப்புயரத்தில் ஒரு நொச்சி. கொசுறாக ஒரு கற்பூரவல்லியும் வாங்கிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினாள்.

அற்புதம்மாள் முகம் சுளிப்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். மாறாக, அவளே முன்னால் நின்று இடம் காட்டினாள். நொச்சியை லின்சி வந்து நிற்கிற வலை ஜன்னலுக்கு நேரே, ரஞ்சனி வீட்டுச் சுவரைப் பார்த்தாற்போல் வைக்கச் சொன்னாள். "கொசு வர்ற வழியே இதான்" என்றாள். லின்சி சந்தோஷமாகக் குழி தோண்டினாள்.

ஆடியில் வைத்த செடிகள் ஆவணிக்குள் பிடித்துக்கொண்டன. கொசுவும் குறைவில்லாமல் இருந்தது. ஒரு நாள் காலையில், தோட்டத்து லூர்து மாதா கெபியில், சிறு கற்குகைக்குள் நின்ற சிலைக்குப் பூ மாற்றப் போனபோதுதான் அவள் அதன் அடியிலிருந்த தாமரைத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். வெளிநாடு கிளம்பும்போது ஜூட் கட்டிய தொட்டி அது. மகன் ஒரேயடியாகத் திரும்பி வரும்வரை அந்தத் தண்ணீரை இறைப்பதில்லை, குறைந்தால் ஊற்றுவதோடு சரி என்று அற்புதம்மாள் மாதாவிடம் நேர்ந்திருந்தாள். தாமரை செத்துப் போயிருந்தது. தண்ணீர் முழுக்கப் புழு, நெளிந்து நெளிந்து மேலே வந்து மூச்சு வாங்கிப்போயிற்று. புத்தூரில் ஆஸ்பத்திரிக்கா குறைச்சல்? மாதாவின் காலடியில் கொசுவுக்கும் ஒரு பிரசவ வார்டு, சுற்றிலும் காவலுக்கு இவள் வைத்த சாமந்தி.

தொட்டியைக் கொட்டு என்று சொன்னால் வீடு இரண்டாகும். நேர்த்திக்கடனை நேர்த்திக்கடனால்தான் வெட்ட வேண்டும் என்று கடைக்காரர் மகளுக்குத் தோன்றியது. "மாதாவுக்கு மீன் விடுறதா வேண்டிக்கிட்டேன் அத்தை" என்றாள். மறுப்பதற்கு மாமியாருக்கு வழியில்லை. பிளாஸ்டிக் பையில் வந்த கப்பி மீன்கள், தண்ணீரில் விட்ட அன்றைக்கே புழுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

ஐப்பசி பிறந்தது. வெளியே மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், ஐந்தரைக்கு, லின்சி வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் வெறுமனே நீட்டிக் காட்டினாள். ஒரு கொசு வரவில்லை.

"பாருங்க அத்தை."

"பாத்தேன். ஒண்ணும் இல்லதான். உள்ள வா."

"ஏழு மணின்னு பேசியிருக்கோம்."

அற்புதம்மாள் கதவின் ஒரு பாதியைச் சாத்தினாள். மறுபாதியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஷெர்லின் போன அன்னைக்கும் கொசு இல்லம்மா. இதே நேரந்தான். மாதாவுக்குப் பூப் பறிச்சுட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனா. சுவத்துக்கு அந்தப் பக்கம் வண்டியோட ஒருத்தன் நின்னுருக்கான். நான் அடுப்புல குழம்ப வச்சுட்டு உக்காந்திருந்தேன். ஜூட் வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

லின்சி எழுந்து உள்ளே வந்தாள். வேண்டாம் என்கிறவர் முதலில் சொல்கிற காரணத்தை நம்பக்கூடாது என்பதை அப்பா கடையில் ஆயிரம் தடவை பார்த்தவள். இத்தனை மாதமாக, கடையில் இல்லாத சரக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். கோபப்படலாமென்றால், சாவியை இடுப்பில் செருகிய பிறகும் மாமியார் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். தினமும் போடுகிற மேல் தாழ்ப்பாள் அன்றைக்கு எட்டாமல் அற்புதம்மாள் தடுமாறியபோது லின்சியே கையை உயர்த்தி அதைப் போட்டுவிட்டாள்.

ஆறு மணிக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. "லின்சி" என்று குரல் கேட்டது. அவள் ஜன்னலுக்குப் போனாள். ஒரு விஷயத்தில் பீமராவ் பொய் சொல்லவில்லை, நொச்சி நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. ஆளுயரம் தாண்டி, வலையை உரசிக்கொண்டு, ஜன்னலை அடைத்து நின்றது. நனைந்த இலையின் வாசனை அறை முழுக்க ஏறியிருந்தது. மறுபடியும் குரல் வந்தது, இந்த முறை கொஞ்சம் சந்தேகத்தோடு. காற்றில் ஒரு கிளை ஒதுங்கியது. இடைவெளியில் ஹெல்மெட்டின் சிவப்பு ஒரு கணம் தெரிந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் கிளை தன் இடத்துக்குத் திரும்பி வந்தது, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்ட.